படத்தின் முதுகில் எழுதுங்கள்

(கும்பகோணத்தில், ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாளன்று, எங்கள் புகைப்படச் சங்கத்தின் ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன இரண்டொரு வரிகளைச் சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, வேலைக்கு நடுவில் வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, வாடகை வேண்டாம், கரண்ட் பில்லை மட்டும் கட்டுங்கள் என்று பெருந்தன்மையோடு மண்டபத்தைத் தந்த உரிமையாளர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே (இன்று நான் அம்மாவைப் பார்த்தே அடிக்கடி பேசுவேன், காரணம் போகப்போகத் தெரியும்), பேராசிரியர் ஐயா அவர்களே, மைக் செட் தம்பி அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

தலைவருக்குப் பொன்னாடை போர்த்தியபோது நம் உறுப்பினர்கள் பதினைந்து பேர் மேடைக்கு முன்னால் கேமராவோடு எழுந்து நின்றுவிட்டார்கள். சபைக்குத் தெரிந்தது பதினைந்து முதுகுகள். கைதட்டவும் ஆளில்லை, எல்லார் கையிலும் கேமரா. புகைப்படக்காரர்கள் நடத்தும் விழாவில் இது ஒன்றுதான் குறை. ஐயா தவறாக நினைக்கக் கூடாது, படம் நன்றாக வந்திருக்கும்.

என்னை மூன்று விஷயம் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். சங்கத்தின் ஓராண்டு வேலை ஒன்று. செயற்கை நுண்ணறிவு போடும் படங்கள் இரண்டு. புதிதாகக் கேமரா வாங்கும் பிள்ளைகளுக்கு அறிவுரை மூன்று. இருபது நிமிடம் தந்திருக்கிறார்.

முதலில் ஓராண்டு வேலை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, விடியற்காலை ஐந்தரைக்குக் கூடுகிறோம். போட்டோ வாக் என்று பிள்ளைகள் சொல்வார்கள். சக்கரப் படித்துறை, பகவத் படித்துறை, மகாமகக் குளத்தைச் சுற்றியிருக்கும் பதினாறு மண்டபங்கள், தாராசுரம், அப்புறம் நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைகள், சுவாமிமலையில் சிலை வார்க்கும் வீடுகள். பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்புக்கு நம் ஆட்கள் வயல்வெளியில் திரிகிறார்கள். முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போடுகிறவர்களுக்கு ஊர் ஊராகப் போய்ப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்து அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தகர டப்பாவில் ஊசித்துளை கேமரா செய்யக் கற்றுத் தருகிறோம். கணக்கு வழக்கைப் பொருளாளர் வாசித்துவிட்டார், நான் அதில் நுழையவில்லை.

சுவாமிமலையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஊற்றும் நேரத்தில் பட்டறை முழுக்கச் சிவப்பு வெளிச்சம். கேமரா வைத்திருப்பவன் எவனும் அதைவிட்டு நகர மாட்டான். நாங்களும் எடுத்துத் தள்ளினோம். கிளம்பும்போது ஒரு பெரியவர் சொன்னார்: "வர்றவங்க எல்லாரும் எடுக்கிறீங்க. இத்தனை வருஷத்துல ஒரு படம் எங்க கைக்கு வந்ததில்லை." அன்றைக்குத்தான் ஒரு விதி போட்டோம். ஒருவரைப் படம் எடுத்தால் அடுத்த மாதத்துக்குள் பிரிண்ட் அவர் கையில் இருக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போன படம் கடன் வாங்கிய மாதிரி. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று என் பாட்டி சொல்வாள். அதனால் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம்: யார் படம், என்ன தேதி, கொடுத்தாயிற்றா இல்லையா.

பிரிண்ட் கொடுக்கப்போன இடத்தில் அந்தப் பெரியவரின் மனைவி படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. "பின்னால இவர் பேரை எழுதிக் குடுங்க தம்பி" என்றார். நாங்கள் விதி போட்டவர்கள், நோட்டு வைத்தவர்கள், இது எங்களுக்குத் தோன்றவில்லை.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. சங்கத்துக்காரர்கள் சிரிக்கிறார்கள், பலமுறை கேட்டவர்கள். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

1968-ல் எங்கள் சித்தப்பா கல்யாணம், இதே ஊரில். முகூர்த்தம் முடிந்து குரூப் போட்டோ. ஸ்டாண்டு கேமரா, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு போட்டோக்காரர். முன்வரிசையில் மடக்கு நாற்காலிகள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, வலப்பக்கத்து நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். காதில் கடுக்கன், முறுக்கு மீசை, மடியில் குடை. முகத்தில் அப்படி ஒரு மிடுக்கு. மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு இல்லை.

அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருந்தது. அவர் யார் என்று நாங்கள் சிறுவர்கள் கேட்டால், "பெண் வீட்டுப் பெரியவர்டா, படத்துக்கு முன்னால காலை நீட்டாதே" என்பாள் பாட்டி. சித்தி வீட்டில் எதற்காவது மனத்தாங்கல் வந்தால், "அந்தக் கடுக்கன்காரர் இருந்தால் இப்படி நடக்க விடுவாரா" என்று அப்பா வருத்தப்படுவார். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவரை நேரில் பார்த்தவர் எவரும் இல்லை. ஆனாலும் ஒரு மரியாதை.

1986-ல் என் தங்கை கல்யாணம். சித்தியின் அண்ணன் வந்திருந்தார். பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "உங்க வீட்டுக் கடுக்கன் மாமா சௌக்கியமா? அந்தக் காலத்து மனுஷர். எங்க அம்மா சாகிறவரைக்கும் அவரைப் பத்திப் பேசுவா."

அப்பா கையில் எடுத்த அப்பளம் கையிலேயே நின்றது. "எங்க வீட்டு மாமாவா?"

பதினெட்டு வருடம் இரண்டு குடும்பமும் அவரைச் சம்பந்தி வீட்டுப் பெரியவர் என்று நினைத்து மரியாதை செய்திருக்கிறது! அன்று ராத்திரி ஒருவரும் தூங்கவில்லை. மண்டபத்து மேனேஜர் என்றார் ஒருவர். தாத்தாவுக்குக் கடன் கொடுத்தவர், பணம் வரும்வரை நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார் என்றார் இன்னொருவர். ரிஜிஸ்தர் ஆபீஸ்காரர் என்று ஒரு கட்சி. என் அத்தை ஒரே போடாக, வந்தவர் மனுஷரே இல்லை, குலதெய்வம் என்று சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து அந்தப் படத்துக்குச் சந்தனம் வைத்தார்கள். என் தாத்தா பக்கத்திலேயே இருக்கிறார், அவருக்கு ஒரு பொட்டு கிடையாது.

சில வருடங்களுக்கு முன்னால் அந்தப் படத்தை எடுத்த ஸ்டூடியோவை மூடினார்கள். "மூணு மூட்டை நெகட்டிவ் கெடக்கு, வேணும்னா எடுத்துக்கிங்க, இல்லேன்னா எடைக்குப் போட்டுடுவேன்" என்றார் உரிமையாளரின் மகன். நம் சங்கத்துப் பிள்ளைகள் வண்டி வைத்து எடுத்து வந்தார்கள். கவர் கவராகப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள்: "சார், உங்க சித்தப்பா பேர் போட்ட கவர் ஒண்ணு இருக்கு." ஓடினேன். பழுப்புக் கவர், மேலே பென்சில் எழுத்து. தேதி, மண்டபம், "குரூப் 3 காபி." அதற்குக் கீழே இன்னொரு வரி: "நாற்காலிக்காரருக்கு 1 காபி. கணக்கில் சேர்க்க வேண்டாம்."

நாற்காலி வாடகைக்கு விட்டவர்! நடந்தது என்னவென்று நானே ஊகித்துக்கொண்டேன். அடுத்த முகூர்த்தத்துக்கு நாற்காலியை எடுத்துப்போக வந்து நின்றிருக்கிறார். இங்கே குரூப் போட்டோ முடியவில்லை. அவர் நாற்காலியைத் தூக்காமல் இருக்க ஒரே வழி, அவரையே அதில் உட்கார வைப்பது. போட்டோக்காரர் கெட்டிக்காரர்.

இன்றைக்கும் அவர் பெயர் தெரியாது. கவரில் தொழில்தான் இருக்கிறது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

எழுதுவது நமக்குப் புதிதா என்ன? தஞ்சாவூர் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பெயரை வெட்டி வைத்திருக்கிறான். வெறும் பெயர் இல்லை. தெருவில் எந்தச் சிறகு, அதாவது எந்த வரிசை, எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள், பங்கு எத்தனை, எல்லாம். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, நக்கன் சேரமங்கை. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஆடிய ஒரு பெண்ணின் கதவைப் போய்த் தட்டலாம் போல இருக்கிறது. நம் வீட்டுப் படத்தில் நிற்கும் அத்தையின் பெயர் நமக்குத் தெரியவில்லை.

அதே கோயிலுக்கு 1858-ல் ஒரு புகைப்படக்காரர் வந்தார். லின்னேயஸ் டிரைப், சென்னை ராணுவத்து அதிகாரி, சென்னை அரசின் புகைப்படக்காரர். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில் எடுத்தவர். விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, பத்தொன்பது அடிக்கு மேல் நீளமாக ஒரே படம் செய்தார். மொபைலைப் பக்கவாட்டில் நகர்த்திப் பனோரமா எடுக்கும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தக் காலத்து நெகட்டிவில் வானம் வெறுமையாக வரும், அதனால் நெகட்டிவில் மேகத்தைக் கையாலேயே வரைந்தும் விட்டார். டச்சிங் வேலை நம் ஸ்டூடியோக்காரர்கள் கண்டுபிடித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மறு வருடம் கவர்னராக வந்த டிரெவெல்யன், புகைப்படம் என்பது ஆடம்பரம், நம் நிதிநிலைமைக்குக் கட்டாது என்று அந்த வேலையை நிறுத்திவிட்டார். வார்டு உறுப்பினர் ஐயா சிரிக்கிறார். ஐயா, இப்போதுதான் நான் கோரிக்கைக்கு வருகிறேன்.

நம் பகுதியில் ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. பாஸ்போர்ட் படம்கூட மொபைலில் முடிகிறது, யாரைக் குறை சொல்ல? ஆனால் அங்கே நாற்பது ஐம்பது வருட நெகட்டிவ் இருக்கிறது. ஊட்டியில் தயாரான ‘இந்து’ (INDU) என்ற பெயருள்ள பிலிமில் எடுத்தது, அதற்கு முந்தைய கண்ணாடி பிளேட்டில் எடுத்தது. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி இருப்பதால் எடைக்கு வாங்க ஆள் வருகிறார்கள். கண்ணாடியைச் சுரண்டிக் கழுவிப் படத்துக்குச் சட்டம் போட்டவர்கள் உண்டு. கிரகணத்தன்று ஆளுக்கொரு நெகட்டிவைக் கண்ணில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றதும் நாம்தான். கண்ணுக்கும் கேடு, நெகட்டிவுக்கும் கேடு. ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், வெள்ளையடிக்கும்போது சுவரிலிருந்து இறக்கிய பழைய குரூப் படங்களைத் திரும்ப மாட்டவே இல்லை. போய்க் கேட்டேன். "பிரேம் மட்டும் இருக்கு சார்" என்றார்கள்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி ஸ்கேன் செய்திருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் எல்லா ஊருக்கும் அவர்களே வருவார்கள் என்று உட்கார்ந்திருக்க முடியுமா? நம் ஊருக்கு நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நூலகத்தில் ஈரம் ஏறாத ஒரு மூலை. இரண்டு இரும்பு பீரோ. ஒரு மேசை. நூலகர் அம்மா, இதற்காகத்தான் உங்களை அடிக்கடி பார்த்தேன். கேமராவும் மேக்ரோ லென்ஸும் நாங்கள் கொண்டுவருகிறோம். அடியில் விளக்குப் பலகை வைத்து நெகட்டிவை மேலிருந்து படம் எடுத்து, கம்ப்யூட்டரில் நிறத்தைத் தலைகீழாக்கினால் படம் வந்துவிடும். கவரில் உள்ள எழுத்தையும் சேர்த்து எடுப்போம். என்னைக் கேட்டால் கவர்தான் முக்கியம்.

வீட்டில் வைத்திருப்பவர்கள் இப்போதைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கண்ணாடி பிளேட்டைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். நெகட்டிவைக் கண்ட பிளாஸ்டிக் உறையில் போடாமல் காகித உறையில் போடுங்கள். பெட்டியைத் திறந்தால் காடி வாசனை அடிக்கிறதா, அந்த பிலிமைத் தனியாகப் பிரித்து வையுங்கள், பக்கத்தில் இருப்பதையும் அது கெடுக்கும். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தாதீர்கள், பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். கலர் படத்தின் முதுகில் பென்சில் பிடிக்காது, அதை உறையில் போட்டு உறைமேல் எழுதுங்கள். நிற்பவர்கள் இடமிருந்து வலம், உட்கார்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலம், ஊர், வருடம். தெரியாதவரை "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். மாமா என்று மட்டும் எழுதாதீர்கள். யாருக்கு மாமா?

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். செயற்கை நுண்ணறிவுப் படங்களைப் பற்றி அடுத்த வருடம் பேசுகிறேன். அதற்குள் அது வேறு ஏதாவது ஆகியிருக்கும். என் தாத்தா படத்தை ஒரு பையன் அதில் போட்டுக் கண் சிமிட்ட வைத்துக் காட்டினான். தாத்தா உயிரோடு இருந்தபோது அப்படிச் சிமிட்டியதில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மூன்றாவது, பிள்ளைகளுக்கு அறிவுரை: தவணையில் லென்ஸ் வாங்காதீர்கள். அவ்வளவுதான்.

வாசலில் பென்சில் டப்பா வைத்திருக்கிறோம். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். வீட்டில் இருக்கும் நெகட்டிவைக் கொண்டுவாருங்கள், ரசீது எழுதித் தருவோம்.

இன்னும் ஒன்று. 1968 வாக்கில் இந்த ஊரில் கல்யாணங்களுக்கு மடக்கு நாற்காலி வாடகைக்கு விட்டவர் குடும்பம் யாராவது இங்கே இருந்தால், தயவுசெய்து பரணில் தேடிப் பாருங்கள். எங்கள் சித்தப்பா கல்யாணப் படம் ஒரு காபி அங்கே இருக்க வேண்டும், இலவசமாகக் கொடுத்தது. கிடைத்தால் முன்பக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் திருப்பிப் பாருங்கள்.