நடப்பவரிடமிருந்து தொடங்கட்டும் தெரு

வணக்கம். அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம், சிவாஜி நகர் என்று பெங்களூரின் பல மூலைகளிலிருந்தும் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களே, உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை எழுபது வயது அம்மா ஒருவர் ஃபுட்பாத்தில் நடந்து போவதாக நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டு கேட்டுக்காக இறக்கம், உடனே ஏற்றம். அப்புறம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதைத் தாண்டினால் சாக்கடை மேல் ஆடும் கல். அவர் சாலையில் இறங்கித்தான் நடப்பார். வண்டி இடித்துவிட்டால் மட்டும், ‘ரோட்டில் ஏன் நடந்தார்’ என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

விதி இல்லாமல் இல்லை. நடைபாதையில் தடையே இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், சாலையிலிருந்து அதன் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் போக முடிகிற அகலம் அது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் உயிர் போனாலோ உடல் ஊனம் ஏற்பட்டாலோ, பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

வேகத்தையும் தெருவின் வடிவம்தான் தீர்மானிக்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் 50-ஐத் தொட்டால், மோதும் ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்காகிவிடும். ‘மெதுவாகச் செல்லவும்’ என்று பலகை வைத்தால் யாரும் குறைப்பதில்லை. தெரு முனையை அகலமாக வளைத்துவிட்டால் ஓட்டுநர் பிரேக்கைத் தொடாமலே திரும்புவார். வளைவை இறுக்கினால் தானாகவே வேகம் குறையும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிட்டால், குழந்தை சாலைக்கு இறங்க வேண்டாம், வண்டிதான் ஏறி வர வேண்டும்.

நம் ஊரிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். டெண்டர்ஷ்யூர் என்ற சாலைச் சீரமைப்புத் திட்டத்தில் ரெசிடென்சி ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு, கன்னிங்ஹாம் ரோடு போன்றவற்றில் நடைபாதையை அகலப்படுத்தி, குழாய்களையும் கேபிள்களையும் அதற்கு அடியில் கொண்டுபோனார்கள். பழுது வந்தால் மூடியைத் திறந்தால் போதும், நடுரோட்டைத் தோண்ட வேண்டாம். கார்களுக்கு இடம் குறைந்துவிட்டதே என்று அப்போதே புகார் எழுந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரே சீரான அகலமுள்ள சாலையில் அல்ல, ஓரிடத்தில் விரிந்து இன்னோரிடத்தில் குறுகும் சாலையில்தான் வண்டிகள் முட்டி நிற்கின்றன. என் வருத்தமெல்லாம், இந்த வசதி ஊரின் நடுப்பகுதியில் ஆரம்பித்த அளவுக்கு ஸ்ரீராமபுரத்தின் சந்துகளுக்கு வரவில்லையே என்பதுதான். காரே இல்லாத வீடுகள் நிறைந்த இடம் அது.

இன்னொன்று. நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று பூக்காரம்மாவைத் துரத்தாதீர்கள். அவருக்கும் இடம் ஒதுக்கச் சொல்கிறது 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம். இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து தனியாக வரும் பெண்ணுக்கு, விளக்கோடு ஒரு கடை திறந்திருப்பது எவ்வளவு பெரிய தைரியம்! ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் குப்பைப் பையை வீசிவிட்டுப் போவதும் அவ்வளவு சுலபமில்லை.

2025 செப்டம்பரில் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்திருக்கிறது. உங்கள் தெருவில் சாலை வேலை தொடங்கினால் உங்கள் பகுதி மாநகராட்சியிடம் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் நடப்பவருக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். 1.8-க்குக் குறைவாக இருந்தால், ஏன் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். தார் ஊற்றுவதற்கு முன்னாலேயே கேளுங்கள். நன்றி, வணக்கம்.