பெயரை மறைத்துப் பாருங்கள்

(புறநகர்ப் பகுதிகள் பற்றிக் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதும் தன்னார்வலர்களின் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு புறநகர்ப் பகுதியைப் பற்றி நான் முதன்முதலாக எழுதிய கட்டுரையில் மூன்று படங்கள் சேர்த்திருந்தேன். ரயில் நிலையப் பெயர்ப்பலகை ஒன்று, புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று, ஏரிக்கரையில் சூரியன் மறையும் காட்சி ஒன்று. மூன்றும் நானே எடுத்தவை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே! மறுநாள் இன்னொரு தொகுப்பாளர், கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கான உரையாடல் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "அந்தப் பலகையை எடுத்துவிட்டால் இது எந்த ஊர்?"

சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம். சூரியன் எல்லா ஏரியிலும்தான் மறைகிறது.

கோட்டை உள்ள ஊருக்கும் துறைமுகம் உள்ள ஊருக்கும் படம் தேர்ந்தெடுக்க யாரும் பயிலரங்கு நடத்த வேண்டியதில்லை. புறநகரில்தான் சிக்கல். ஒரு நிலையம், ஒரு மேம்பாலம், வரிசை வரிசையாக வீடுகள், நாலு பள்ளிக்கூடங்கள் என்று எல்லாப் புறநகரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் தெரியும். அதனால் நான் ஒரு சோதனை வைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்த கட்டுரையில் ஊர்ப்பெயரை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு படிப்பேன். பக்கத்துப் புறநகரின் பெயரை அங்கே போட்டாலும் பொருந்துகிறது என்றால், கட்டுரை இன்னும் எழுதப்படவில்லை என்று அர்த்தம்.

லண்டனின் தெற்குப் பகுதியில் குராய்டன் இருக்கிறது. வேலைக்குப் போய் வருபவர்கள் வாழும் சாதாரணப் புறநகர், எழுத என்ன இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் 1920-களிலும் 30-களிலும் லண்டனின் முதன்மை விமான நிலையம் அங்கேதான் இருந்தது. பிரிட்டிஷ் பெண் விமானி ஆமி ஜான்சன் 1930-இல் ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறக்கக் கிளம்பிய இடம் அது. ஆபத்தில் சிக்கிய விமானி வானொலியில் 'மேடே, மேடே' என்று கூப்பிடுகிறாரே, அந்தச் சொல்லைக் கொடுத்தவர் அங்கே வானொலிப் பிரிவில் அதிகாரியாக இருந்த ஃபிரெடரிக் மாக்ஃபோர்டு. 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து எடுத்தார். விமான நிலையம் 1959-இல் மூடப்பட்டது. 1928-இல் திறந்த முனையக் கட்டடம் மட்டும் இன்னும் நிற்கிறது. குராய்டன் கட்டுரைக்கு ஒரே ஒரு படம்தான் சேர்க்கலாம் என்றால், எந்த வணிக வளாகத்தையும் விட்டுவிட்டு நான் அந்த முனையத்தைத்தான் சேர்ப்பேன். அந்த வரலாற்றை வேறெந்த ஊரிலும் ஒட்டவைக்க முடியாது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. நியூயார்க் நகருக்குக் கிழக்கே, லாங் தீவில் லெவிட்டவுன். 1947 முதல் 1951 வரை 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளை ஒரே நிறுவனம் கட்டிய குடியிருப்பு. வானிலிருந்து எடுத்த படங்கள் அதற்கு நிறைய உண்டு. வளைந்து செல்லும் தெருக்கள், பெட்டி பெட்டியாக ஒரே மாதிரி வீடுகள். எல்லாம் ஒரே மாதிரி இருப்பதே அந்த ஊரின் தனித்தன்மை என்பதால், அந்தப் படம் சரியான படம்தான். ஆனால் அதில் தெரியாத ஒன்று இருக்கிறது. தொடக்க கால ஒப்பந்தத்தில், வெள்ளையர் அல்லாத எவரையும் வீட்டில் குடியிருக்க விடக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்கு! எந்தக் கேமராவிலும் இது விழாது. படம் காட்டாததை எழுத்துதான் சொல்லியாக வேண்டும், அதுவும் அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே. இதைக் கட்டுரையின் அடியில் 'பிற செய்திகள்' என்று தள்ளிவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒப்புதலில்லை.

எத்தனை படம் சேர்க்கலாம் என்று முன்வரிசையில் ஒருவர் காலையிலேயே கேட்டார். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் மொத்தம் பத்துத் தொகுதி. உலகம் முழுவதும் பத்துத் தொகுதிக்குள் அடங்கியாக வேண்டும் என்றால், ஒரு வரியைக்கூட எடைபோட்டுத்தான் சேர்க்க முடியும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இடம் இலவசமாகக் கிடைப்பதால் இருபது படத்தை வரிசையாக அடுக்கிவிடுகிறோம். அதில் பதினெட்டு, வெவ்வேறு கோணத்தில் அதே நிலையம்.

இங்கே எனக்கு வழிகாட்டி பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ. 18-ஆம் நூற்றாண்டில் அவர் பிரான்சில் பதிப்பித்த கலைக்களஞ்சியத்தில் படங்களுக்கென்றே பதினொரு தொகுதிகள் உண்டு. தொழில்களைக் காட்டும் பக்கங்கள் பலவற்றில் ஓர் ஒழுங்கு இருக்கும். மேலே ஒரு பட்டறை. ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். கீழே அந்த வேலைக்கான கருவிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, கிட்டத்தில். மேலே பார்த்தால் இடம் புரியும், கீழே பார்த்தால் வேலை புரியும். புறநகருக்கும் இது அப்படியே பொருந்தும். உயரத்திலிருந்து எடுத்த ஒரு படம் போதும், அதில் ரயில் பாதையும் குடியிருப்பும் எப்படி ஒட்டி வளர்ந்தன என்பது தெரிந்தால் சரி. பிறகு கிட்டத்தில் எடுத்தவை இரண்டு மூன்று: பழைய கிராமத்தின் எல்லைக்கல், மூடிய ஆலையின் புகைபோக்கி, கட்டிய ஆண்டு பொறித்த நீர்த்தேக்கத் தொட்டி. இப்படி ஒரு பொருளாவது இல்லாத புறநகர் இருக்காது. நடந்து திரிந்தால் கண்ணில் படும், காருக்குள்ளிருந்து பார்த்தால் படாது.

விவரங்களுக்கு வருவோம். 'வேகமாக வளர்ந்து வரும் பகுதி', 'அமைதியான சூழல்', 'சிறந்த போக்குவரத்து வசதி'. இவை மனை விற்பவரின் வாசகங்கள், அவரிடமே விட்டுவிடுங்கள். 'நகரிலிருந்து இருபது நிமிடம்' என்பதும் அவருடையதுதான். எத்தனை மணிக்குக் கிளம்பினால் இருபது நிமிடம்? எந்த நிலையத்திலிருந்து, ரயில் வழியாக எத்தனை கிலோமீட்டர் என்று எழுதினால் அது விவரம். மக்கள்தொகைக்கு அருகில் கணக்கெடுப்பு ஆண்டு இல்லாவிட்டால் அந்த எண்ணை யாரும் பயன்படுத்த முடியாது.

எல்லையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். உள்ளாட்சி வார்டு ஒரு கோடு போடும், அஞ்சலகம் வேறொரு கோடு போடும், காவல் நிலையத்தின் எல்லை இரண்டோடும் ஒத்துப்போகாது. அங்கே குடியிருப்பவர்கள் மனத்திலுள்ள ஊரோ நான்காவது. வார்டின் மக்கள்தொகையை எழுதிவிட்டு, அஞ்சல் எல்லைக்குள் இருக்கும் கல்லூரியையும் அதே ஊரில் சேர்த்தால் இரண்டும் தனித்தனியே சரி, சேர்த்துப் பார்த்தால் பிழை. எந்தக் கோட்டை எடுத்துக்கொண்டீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

காப்புரிமை பற்றி நீட்டி முழக்கப்போவதில்லை. வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி தராத உரிமத்தில் உள்ள படத்தை, விக்கிப்பீடியாக் கட்டுரைகளுக்கான படங்களைச் சேமித்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகம் ஏற்காது. பொது இடத்தில் நிற்பதைப் படமெடுத்து வெளியிடுவதில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவின் 1957 காப்புரிமைச் சட்டம் கட்டடத்தையும், பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிலையையும் படமெடுத்து வெளியிட விடுகிறது. சுவரோவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. புறநகர் மேம்பாலத் தூண்களில் வரைந்திருக்கும் ஓவியங்கள் நம்மை இழுக்கும், எடுத்தால் அழகாகவும் விழும். ஏற்றிய பிறகு நீக்கிவிடுவார்கள். பிரான்சிலோ, காப்புரிமைக் காலம் முடியாத புதிய கட்டடத்தின் படத்துக்கே இந்தக் கதி.

கடைசியாகப் படவிளக்கம். அந்த மூன்று படங்களையும் நீக்கிய பிறகு, அதே ஊரின் ரயில்வே கேட்டை எடுத்துச் சேர்த்தேன். கேட் மூடியிருக்கிறது, இரு பக்கமும் சைக்கிள்கள் காத்து நிற்கின்றன, முகங்கள் தெரியவில்லை. விளக்கத்தில் எந்தத் திசை நோக்கி எடுத்தது, எந்த மாதம், எந்த ஆண்டு என்று எழுதினேன். அப்போது அது எனக்கே கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றியது. சில ஆண்டுகளில் சுரங்கப்பாதை வந்தது, கேட்டை எடுத்துவிட்டார்கள். முன்பு உரையாடல் பக்கத்தில் கேள்வி கேட்டாரே, அவரேதான், அந்தப் படத்தை, கட்டுரையின் தொடக்கத்தில் சுருக்க விவரங்கள் இருக்கும் தகவல் சட்டகத்திலிருந்து எடுத்து வரலாறு என்ற பகுதியில் வைத்தார். விளக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை.