இன்சுலின் போடுற நாய் திடீர்னு தள்ளாடுதா? உடனே இதைச் செய்யுங்க

வணக்கம்ங்க. வீட்டு நாய்க்கு தினமும் இன்சுலின் போடுறவங்க இதை முழுசா கேளுங்க. ஏறின சர்க்கரை மெதுவாதான் கெடுக்கும். இறங்கின சர்க்கரை அன்னிக்கே உயிரை எடுத்துடும்.

முதல்ல சோர்ந்து படுக்கும், இல்லன்னா திடீர்னு பசியில அலையும். அப்புறம் உடம்பு நடுங்கும், பின்னங்கால் தள்ளாடும், பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. அதையும் விட்டுட்டா வலிப்பு, மயக்கம்.

குளுக்கோமீட்டர் இருந்தா காது மடல் ஓரத்துல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்க. 60-க்குக் கீழன்னா ஆபத்து. மீட்டர் இல்லன்னா தேடி அலையாதீங்க, சந்தேகம் வந்தாலே இனிப்பு கொடுங்க. ஒரு தடவை சர்க்கரை கூடிப்போறதால பெருசா ஒண்ணும் ஆகாது.

கிலோவுக்கு 1 கிராம் குளுக்கோஸ் பவுடர். 10 கிலோ நாய்க்கு ரெண்டு டீஸ்பூன், கொஞ்சம் தண்ணியில குழைச்சு. தேனும் சரிதான். விழுங்குற நிலையில இருந்தா நக்க விடுங்க. மயக்கத்துல இருந்தா வாயில ஊத்தவே கூடாது, நுரையீரலுக்குப் போயிடும். உதட்டைத் தூக்கி ஈறுல மட்டும் தடவுங்க. வலிப்பு வரும்போது பல்லுக்கு நடுவுல விரல் விடாதீங்க. அவசரத்துல சுகர்-ஃப்ரீ எதையும் எடுத்துடாதீங்க. அதுல சைலிட்டால்ங்கிற மாற்று இனிப்பு இருந்தா நாய்க்கு விஷம், சர்க்கரையை இன்னும் கீழ தள்ளும்.

தெளிஞ்சதும் சாப்பாடு வைங்க. தெளிஞ்சிடுச்சேன்னு வீட்டுலயே இருந்துடாதீங்க. உள்ள போன இன்சுலின் இன்னும் வேலை செஞ்சுட்டுதான் இருக்கும், மறுபடி இறங்கும். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அடுத்த ஊசி அவர் அளவு சொன்ன பிறகுதான்.

சரி, ஏன் இறங்குது? நான் முதல்ல பார்க்கச் சொல்றது சிரிஞ்சைத்தான். நம்ம மருந்துக்கடையில ரெண்டு வகை கிடைக்குது: சிவப்பு மூடி 40, ஆரஞ்சு மூடி 100. ஒரு மில்லி மருந்துல எத்தனை யூனிட் இன்சுலின்னு சொல்றதுதான் இந்த எண். குப்பியில என்ன எண்ணோ அதே எண் சிரிஞ்சுலயும் இருக்கணும். 100 குப்பி மருந்தை 40 சிரிஞ்சுல 10 கோடு வரைக்கும் இழுத்தா, உள்ள போறது 25 யூனிட். ரெண்டரை மடங்கு! கடைக்காரர் மாத்திக் கொடுத்தாலும் கோடு பார்க்க ஒரே மாதிரிதான் தெரியும், அதனால ஒவ்வொரு தடவையும் மூடியைப் பாருங்க.

அடுத்தது, சாப்பாட்டுக்கு முன்னாடியே ஊசி போடுறது. முதல்ல தட்டு காலியாகட்டும். சாப்பிடலன்னா ஊசி வேண்டாம், டாக்டருக்கு போன் பண்ணுங்க. வழக்கத்தை விட அதிகமா ஓட விட்ட நாள்லயும் கவனமா இருங்க.

ஊசி போடும்போது நாய் துள்ளி, மருந்து முடியில கசிஞ்ச மாதிரி தெரிஞ்சா, எவ்வளவு போச்சுன்னு கணக்குப் போட்டு மறுபடி குத்தாதீங்க. அடுத்த வேளை வரைக்கும் விட்டுடுங்க.