தியோஃபானுவின் ஆட்சியைக் காத்தது தியோஃபானுவே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"பேரரசி தியோஃபானுவின் ஆட்சி நிலைத்ததற்குக் காரணம் அவருடைய ஆளுமையா, ஆயர்களின் ஆதரவா?" இதுதான் தலைப்பு. தியோஃபானு பத்தாம் நூற்றாண்டில் ஜெர்மனியையும் இத்தாலியையும் ஆண்ட பேரரசின் அரசி; கணவர் இறந்தபின் சின்ன மகனின் பெயரில் ஆட்சி நடத்தியவர். ஆயர்கள் என்றால் கிறிஸ்தவத் திருச்சபையின் பிஷப்புகள். எதிரணித் தலைவர் சற்றுமுன் பேசும்போது, மைன்ஸ் பேராயர் வில்லிகிஸ் மட்டும் துணை நின்றிருக்காவிட்டால் அந்த அம்மா பிறந்த ஊருக்கே மூட்டை கட்டியிருப்பார் என்று அடித்துச் சொன்னார். வில்லிகிஸ் பெரிய மனிதர், கடைசிவரை விசுவாசமாக இருந்தவர். அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் ஆயர்கள் ஆதரவு, ஆயர்கள் ஆதரவு என்கிறார்களே, எந்த ஆயர்கள்?

983 டிசம்பர் 7. ரோமில் தியோஃபானுவின் கணவர், பேரரசர் இரண்டாம் ஓட்டோ இறந்துபோகிறார். வயது 28. அதற்கு முந்தைய ஆண்டுதான் தென் இத்தாலியில் அரபுப் படையிடம் பெரிய தோல்வி. அவர் இறந்த 983-லேயே எல்பே நதிக்கு அப்பால் ஸ்லாவியர்கள் கிளர்ந்தெழுந்து ஹாவெல்பெர்க், பிராண்டன்பர்க் இரண்டையும் பிடித்துவிட்டார்கள். மகன் மூன்றாம் ஓட்டோவுக்கு மூன்று வயது. அப்பா இறந்த செய்தி ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வருவதற்குள், கிறிஸ்துமஸ் அன்று ஆகன் நகரில் குழந்தைக்கு முடிசூட்டிவிட்டார்கள். பிள்ளை அங்கே, தாய் இத்தாலியில்.

அந்தத் தாய் யார்? 972-இல் பைசாந்தியப் பேரரசின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்த மருமகள். ஜெர்மன் அரண்மனை கேட்டது பைசாந்தியப் பேரரசரின் சொந்த மகளை. வந்தவரோ ஜான் ட்ஸிமிஸ்கெஸ் பேரரசரின் உறவுப் பெண். இவளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று அப்போதே மாமனாரிடம் சொன்னவர்கள் உண்டு. அப்படி வந்த பெண், இருபதுகளிலேயே விதவையாகி நிற்கிறார்.

இப்போது ஆயர்களைப் பார்ப்போம். ஜெர்மனியின் பவேரியாப் பகுதியை ஆண்ட பழைய கோமகன், அதாவது டியூக், ஹென்றி, வம்புக்கார ஹென்றி என்றே வரலாறு அவருக்குப் பெயர் வைத்திருக்கிறது, உட்ரெக்ட் ஆயரின் காவலில் இருந்தார். அவரை வெளியே விட்டது யார்? அதே உட்ரெக்ட் ஆயர். குழந்தை அரசனை அந்த ஹென்றியின் கையில் தூக்கிக் கொடுத்தது யார்? கொலோன் பேராயர் வாரின். மக்டெபர்க் பேராயர் கிசெலர் ஹென்றி பக்கம். டிரியர் பேராயர் எக்பெர்ட்டும் ஹென்றி பக்கம். 984 ஈஸ்டரில் க்வெட்லின்பர்க் நகரில் ஹென்றியை அவர் ஆட்கள் அரசன் என்றே வாழ்த்தினார்கள். நடுவர் அவர்களே, ஆயர்கள் ஒரே அணியாக இந்தத் தாயின் பின்னால் நின்றார்கள் என்பது நடக்கவே இல்லாத ஒன்று.

சரி, அப்புறம் எப்படி நிலைமை மாறியது? தியோஃபானுவும் மாமியார் அடெலைடும் இத்தாலியின் பாவியா நகரில் இருந்தபோதே வேலை தொடங்கிவிட்டது. அறிஞர் கெர்பெர்ட் அவர்களுக்காகக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். பின்னாளில் இரண்டாம் சில்வெஸ்டர் என்ற பெயரில் போப் ஆனவர் இவர்தான். வில்லிகிஸ் உள்ளூரில் ஆள் திரட்டினார். 984 ஜூன் 29 அன்று ரோர் என்ற இடத்தில் ஹென்றி குழந்தையைத் தாயிடம் ஒப்படைத்தார். இதுவரைக்கும் வில்லிகிஸுக்குப் பங்கு உண்டு, நிச்சயம் உண்டு.

ஆனால் தலைப்பு குழந்தையை மீட்டது பற்றியது அல்ல. ஆட்சி நிலைத்தது பற்றியது. தன் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டு அரசன் என்று வாழ்த்து வாங்கியவனை என்ன செய்யலாம்? எதிரணி நண்பர்கள் மனசாட்சியோடு சொல்லட்டும், நம்மில் யாருக்கு ஆத்திரம் வராது? தியோஃபானு 985-இல் அந்த ஹென்றிக்குப் பவேரியாவைத் திருப்பிக் கொடுத்தார். அங்கே ஏற்கெனவே ஒருவர் கோமகனாக இருந்தார். அவரும் ஹென்றிதான், இளைய ஹென்றி. அவரைக் கரிந்தியாவுக்கு மாற்றி, அவர் மனமும் கோணாமல் பார்த்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் நின்ற கிசெலரும் எக்பெர்ட்டும் தங்கள் பேராயர் பதவியிலேயே நீடித்தார்கள். பழிவாங்காமல் இருப்பது பலவீனம் என்று நினைப்பவர்கள், அடுத்து நடந்ததைக் கேளுங்கள்.

986 ஈஸ்டர். அதே க்வெட்லின்பர்க். சின்ன அரசனின் விருந்தில் நான்கு கோமகன்கள் பணிவிடை செய்தார்கள் என்று மெர்சபர்க் ஆயர் தீட்மார் தம் வரலாற்றில் எழுதுகிறார். ஒருவர் குதிரைகளைப் பார்த்துக்கொண்டார், ஒருவர் பானங்களை, ஒருவர் அறைகளை. சாப்பாட்டு மேசையில் பரிமாறியவர் வம்புக்கார ஹென்றி! இரண்டே வருடத்துக்கு முன் எந்த ஊரில் தன்னை அரசன் என்று அழைக்க வைத்தாரோ அதே ஊரில். போலந்தை ஆண்ட கோமகன் மியெஷ்கோவும் அந்தக் கொண்டாட்டத்துக்கு வந்தார், சிறுவனுக்கு ஒட்டகம் ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார். இந்த மியெஷ்கோவும் 984-இல் ஹென்றியை ஆதரித்தவர்தான். எதிரியைக் கொல்லாமல், நாடு கடத்தாமல், எல்லோரும் பார்க்கத் தன் பிள்ளையின் மேசையில் பரிமாற வைப்பதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும்! எந்த ஆயர் இந்த நிதானத்தைக் கடன் கொடுத்திருக்க முடியும்?

மேற்கில் பிரெஞ்சு அரசர் லோதேர் பிடித்திருந்த வெர்டன் நகரும் 987-இல் திரும்பக் கிடைத்தது. அதை விரித்துப் பேச நேரமில்லை.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி, தியோஃபானு ஆணவக்காரர், மாமியாரையே மதிக்கவில்லை என்றார். ஒரு வருடம் உயிரோடு இருந்தால் அடெலைடின் அதிகாரத்தை ஒரு கையகலத்துக்குள் சுருக்கிவிடுவேன் என்று தியோஃபானு சொன்னதாக ஒரு கதை உண்டு. அதை எழுதியவர் க்ளூனி மடத்துத் தலைவர் ஓதிலோ. அவர் எழுதியது அடெலைடின் புகழைப் பாடும் நூல். ஒரு பக்கத்துச் சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத நம் நடுவர் சம்மதிக்க மாட்டார். பதினொன்றாம் நூற்றாண்டில் ஓட்லோ என்ற துறவி இன்னொன்று எழுதினார்: ஆடம்பர உடை வழக்கத்தைக் கொண்டுவந்த பாவத்துக்காக மறுமையில் வேதனைப்படும் தியோஃபானு, ஒரு கன்னியாஸ்திரீக்குத் தரிசனத்தில் தோன்றினாராம். பிள்ளைக்காக ஒரு பேரரசைக் கட்டிக் காத்த தாயைப் பற்றி எழுத இவர்களுக்குக் கிடைத்தது அவர் உடுத்திய துணிதானா? எனக்கு இது உண்மையிலேயே மனவருத்தம்.

கடைசியாக ஒன்று. 989-இல் தியோஃபானு மகனை ஆல்ப்ஸுக்கு வடக்கே விட்டுவிட்டு, தான் மட்டும் இத்தாலிக்குப் போனார். 990 ஏப்ரல் 1 அன்று ரவென்னாவில் ஓர் ஆவணம் பிறப்பித்தார். அதில் தன்னைப் பேரரசர் என்று ஆண்பாலிலேயே குறிப்பிட்டார். பொறுப்பாட்சியில் இருப்பவர் மகனின் ஆட்சி ஆண்டைத்தானே போட வேண்டும்? அவர் போட்டது தன் ஆட்சியின் பதினெட்டாம் ஆண்டு. அதாவது 972-இல் ரோமில் தனக்கு முடிசூட்டிய நாளிலிருந்து கணக்கு. இத்தாலி அந்த ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 991 ஜூன் 15 அன்று நைமேகன் நகரில் இறக்கும் வரை அவர் ஆட்சிதான் நடந்தது.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லட்டும். ஆயர்களின் தயவில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, மகன் பக்கத்தில் இல்லாத நாட்டில் நின்றுகொண்டு, தன் பெயரில் தன் ஆண்டைப் போட்டு ஆணை எழுதும் துணிச்சலை எந்த ஆயர் கொடுத்தார்? பெயரைச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.