விசிலுக்குத் திறந்த டிரங்க் லைன்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளியூருக்கு போன் செய்யும்போது நம் குரல் மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது. எந்த எண்ணுக்கு இணைக்க வேண்டும், யார் ரிசீவரை வைத்துவிட்டார்கள் என்பதையெல்லாம் ஒரு எக்ஸ்சேஞ்ச் இன்னொன்றுக்குச் சொல்லியாக வேண்டும். அந்தச் சமிக்ஞை எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அமெரிக்காவின் பெல் தொலைபேசி அமைப்பு குரல் போகும் பாதையிலேயே, காதுக்குக் கேட்கும் ஒலியாகவே அதை அனுப்பியது. இரண்டு எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் டிரங்க் லைன் சும்மா இருந்தால் அதில் 2600 ஹெர்ட்ஸ் ஒலி ஓடிக்கொண்டிருக்கும். ஒலி நின்றால் புது அழைப்பு வருகிறது என்று அர்த்தம். தனிப் பாதை போடும் செலவு மிச்சம். அந்தக் காலத்துக்குக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் அதே ஒலியைப் பேசுகிறவரே எழுப்பினால்? 1950-களில் ஜோ எங்க்ரெசியா என்ற பார்வையற்ற சிறுவன் போனில் விசிலடித்தான்; இணைப்பு அறுந்தது. பிறகு பலர் இதைத் தந்திரமாகவே கற்றுக்கொண்டார்கள். முதலில் கட்டணமில்லாத எண் ஒன்றைக் கூப்பிடுவார்கள். நடுவில் 2600 ஹெர்ட்ஸை ஒலிப்பார்கள். அழைத்தவர் வைத்துவிட்டார் என்று எதிர்முனை எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும். ஒலி நின்றதும், அடுத்த அழைப்புக்கான எண்ணுக்குக் காத்திருக்கும். அப்புறம் எண்களையும் ஒலியாகவே அனுப்ப வேண்டியதுதான். இந்த முனையிலோ இன்னும் இலவச அழைப்பே நடப்பதாகக் கணக்கு ஏறும். எந்த எண்ணுக்கு எந்த ஒலி என்பதை பெல்லின் தொழில்நுட்ப இதழே 1960-ல் அச்சிட்டிருந்தது!

காவலைக் கூட்டினால் தீருகிற கோளாறு இல்லை இது. பேசுகிறவரின் ஒலியும் எக்ஸ்சேஞ்சின் கட்டளையும் ஒரே பாதையில் வந்தால் இயந்திரம் எதை வைத்துப் பிரித்தறியும்? அதனால் 1976 முதல் அமெரிக்காவில் சமிக்ஞைக்கென்று தனித் தடம் வந்தது. 1980-ல் இப்படித் தனித் தடத்தில் இயங்கும் எஸ்எஸ்7 என்ற சமிக்ஞை முறை சர்வதேசத் தரமானது. இன்னொரு நன்மையும் உண்டு: எதிர்முனை எங்கேஜ்டாக இருந்தால், குரல் பாதையை நெடுக வீணாகப் பிடித்து வைக்க வேண்டியதில்லை.

நமக்குப் பழக்கமான எஸ்எம்எஸ் பிறந்ததும் இந்தச் சமிக்ஞைத் தடத்தில்தான். அதில் கிடைத்த இடம் 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்துகள். தமிழில் ஒரு குறிக்கு 2 பைட் என்பதால் 70 குறிகள்தான்; ‘கி’ என்றால் எழுத்து ஒன்று, கொம்பு ஒன்று என இரண்டு குறிகள்.

பழைய முறை முழுதாக ஒழிந்துவிடவும் இல்லை. லேண்ட்லைனில் வங்கியைக் கூப்பிட்டு எண்களை அழுத்தும்போது வரும் ஒலி, இன்றும் குரல் பாதையில்தான் போகிறது. அந்த அழைப்பின் பதிவு ஒருவர் கையில் கிடைத்தால், ஒலியை வைத்தே எண்களைப் பிரித்தெடுத்துவிடலாம். அதனால்தான் கார்டு எண்ணை அழுத்தும் நேரத்தில் பல கால் சென்டர்கள் பதிவை நிறுத்திவிடுகின்றன, அல்லது அந்த ஒலியை மட்டும் மறைத்துவிடுகின்றன.