வெள்ளைப் புள்ளி மறைந்தாலும் மருந்தை நிறுத்தாதீர்கள்

(காட்சி: மீன் தொட்டிக் கண்ணாடியின் அருகே ஒரு மோலி மீன். கேமரா மெல்ல வாலை நெருங்குகிறது.)

இந்த மோலியின் வாலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உப்புத் துகள் ஒட்டினாற்போல இரண்டு வெள்ளைப் புள்ளிகள். நேற்று இவை இல்லை. இப்படியே விட்டால் நாலைந்து நாளில் உடம்பெல்லாம் பரவிவிடும். மீன் வளர்ப்பவர்கள் ‘இக்’ என்று சொல்லும் வெள்ளைப் புள்ளி நோய் இதுதான்.

இது வைரஸும் அல்ல, பூஞ்சையும் அல்ல. இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. 1876-இல் ஃபூகே என்பவர் வைத்த பெயர். ‘நிறையப் பிள்ளைகள் பெற்ற மீன் பேன்’ என்று பொருள் சொல்லலாம். அந்தப் ‘பிள்ளைகள்’தான் நம் பிரச்சினையே. அதற்குச் சீக்கிரம் வருவோம்.

(காட்சி: நுண்ணோக்கியின் கீழ் மெதுவாகச் சுழலும் ஒட்டுண்ணி. உள்ளே குதிரை லாட வடிவில் உட்கரு.)

நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி மீனின் தோல் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. தோலுக்குள் புகுந்து, மேல்தோலைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு, உள்ளேயே செல்களைத் தின்று வளர்கிறது. அதனால் தண்ணீரில் எந்த மருந்தை ஊற்றினாலும் அந்தக் கட்டத்தில் அதைத் தொட முடியாது.

வளர்ந்து முடிந்ததும் தோலைக் கிழித்து வெளியே வரும். தொட்டியின் அடியில் பரப்பியிருக்கும் சரளைக்கல்லிலோ (கிராவல்) செடி இலையிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு பசைக்கூட்டைக் கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டையும் மருந்து எளிதில் துளைப்பதில்லை. உள்ளே அது இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்துகொண்டே போகும். ஒரே கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரம் வரைகூடக் குஞ்சுகள் வெளிவரும். அவை நீந்திப் போய் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் பெரும்பாலும் செத்துவிடும்.

மருந்து கொல்வது இந்த நீந்தும் குஞ்சுகளை மட்டும்தான். தயவுசெய்து இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிகிற புள்ளியை நாம் குறிவைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் திரியும் குஞ்சுக்காகக் காத்திருக்கிறோம்.

இது தெரியாமல் நான் இழந்தவை ஆறு நியான் டெட்ரா மீன்கள். நான்காம் நாள் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்திவிட்டேன். உண்மையில் புள்ளிகள் எல்லாம் உதிர்ந்து கிராவலில் கூடு கட்டியிருந்தன. அடுத்த சில நாளில் எல்லா நியானும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்கின. செவுள் வரை போய்விட்டது. ஒன்பதில் மூன்றுதான் மிஞ்சின.

(காட்சி: கிராவலில் பக்கவாட்டாக உரசிச் செல்லும் மீன்.)

செவுளில் மட்டும் வந்தால் உடம்பில் புள்ளியே தெரியாமல்கூட இருக்கலாம். கல்லில் உரசுவது, துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்வது, செவுள் படபடவென அடிப்பது இவையெல்லாம் முன்னறிகுறிகள். ஆனால் கோல்ட் ஃபிஷ் ஆணின் செவுள் மூடியிலும் நெஞ்சுத் துடுப்பின் முன்விளிம்பிலும் மட்டும் வரிசையாக வெள்ளைப் பொட்டுகள் இருந்தால் பயப்பட வேண்டாம். அது இனப்பெருக்கக் காலத்தில் வருவது. புள்ளியாக இல்லாமல் பொன் தூசி தூவினாற்போல இருந்தால் அது வேறு ஒட்டுண்ணி.

சரி, இப்போது சிகிச்சை.

முதலில் ஏர் பம்பைக் கூட்டுங்கள். ஹீட்டரைத் தொடுவது அதற்குப் பிறகுதான். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். செவுள் ஏற்கெனவே புண்ணாகியிருக்கும் மீனுக்கு அது பெரிய ஆபத்து.

பிறகு வெப்பநிலை. காலையில் ஒரு டிகிரி, மாலையில் ஒரு டிகிரி என்று மெதுவாக 28 வரை ஏற்றுங்கள். சூடு ஒட்டுண்ணியைக் கொல்லும் என்று நினைத்து இதைச் செய்வதில்லை. அதன் வாழ்க்கைச் சுற்றை வேகப்படுத்துகிறோம். 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடியும் சுற்று, 10 டிகிரியில் ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும். சீக்கிரம் தோலை விட்டு வெளியே வந்தால் சீக்கிரம் மருந்தில் மாட்டும். 30 டிகிரியில் பெருக்கமே நின்றுவிடும் என்று வெறும் சூட்டை நம்புகிறவர்களும் உண்டு. சூடு தாங்கும் மீன்களுக்கு அது பலிக்கலாம், ஆனால் எல்லா வகை ஒட்டுண்ணிக்கும் பலிப்பதில்லை. கோல்ட் ஃபிஷ் போன்ற குளிர்நீர் மீன்களை அவ்வளவு சூட்டில் வைக்கவே கூடாது.

(காட்சி: அளவு நாடாவால் தொட்டியை அளக்கும் கை.)

மருந்து ஊற்றும் முன் நாடாவை எடுங்கள். நீளம் 60 செ.மீ., அகலம் 30, தண்ணீர் நிற்கும் உயரம் 30. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 54 லிட்டர். கல்லும் கிராவலும் அடைத்த இடத்தைக் கழித்தால் இன்னும் குறையும். கண்மதிப்பில் ஊற்றி மீனைக் கொன்றவர்கள் ஏராளம்.

மாலகைட் கிரீனும் ஃபார்மலினும் கலந்த மருந்துதான் நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்யும். ஃபில்டரில் கார்பன் (கரித்துகள்) இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது மருந்தை உறிஞ்சிவிடும். கையுறை போடாமல் தொடாதீர்கள். உணவுக்கு வளர்க்கும் மீனுக்கு இதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. லோச், கெளுத்தி வகை, சின்ன டெட்ராக்கள் இருந்தால் புட்டியில் அவற்றுக்கென்று போட்டிருக்கும் குறைந்த அளவைப் பாருங்கள். இறாலும் நத்தையும் இருக்கும் தொட்டியில் செம்பு கலந்த மருந்து வேண்டவே வேண்டாம்.

லேசான தாக்குதல் என்றால் உப்பே போதலாம். லிட்டருக்கு 1 முதல் 2 கிராம், வேறு பாத்திரத்தில் கரைத்து, ஒரு நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து ஊற்றுங்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் ஆவியான அளவுக்கு வெறும் தண்ணீர்தான் சேர்க்க வேண்டும். மாற்றி எடுத்த தண்ணீருக்கு மட்டும் புதிதாக உப்புக் கணக்கு.

(காட்சி: கிராவலுக்குள் இறங்கும், அழுக்கை உறிஞ்சும் சைஃபன் குழாய், வாளியில் விழும் கலங்கல் நீர்.)

எனக்கு மிகவும் நம்பிக்கையான வேலை இதுதான். தினமும் மருந்துக்கு முன் கிராவலை சைஃபன் செய்து, கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். வாளியில் விழும் அழுக்கோடு கூடுகளும் போகின்றன. ஒரு கூடு போனால் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் போனதாக அர்த்தம். புதுத் தண்ணீரில் குளோரினை நீக்கி, சூட்டையும் தொட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள்.

கடைசிப் புள்ளி மறைந்த நாளைக் காலண்டரில் குறியுங்கள். 28 டிகிரியில் அங்கிருந்து இன்னும் ஒரு வாரம் சிகிச்சை தொடர வேண்டும். குளிர்நீர்த் தொட்டியில் அதைவிட நீளும். மீன் சுறுசுறுப்பாக ஓடியாடி, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அந்த வாரத்தைக் குறைக்காதீர்கள். அது முடிந்ததும் கார்பனைத் திரும்பப் போட்டால் மிச்ச மருந்தை இழுத்துக்கொள்ளும். வெப்பநிலையையும் ஏற்றிய மாதிரியே மெதுவாக இறக்குங்கள்.

‘இக் எல்லாத் தண்ணீரிலும் எப்போதும் இருக்கும்’ என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு. மீன் இல்லாமல் அதனால் பிழைக்க முடியாது. புது மீனோடோ, மீன் இருந்த தொட்டியின் செடியோடோ, ஈர வலையோடோதான் உள்ளே வருகிறது. அதனால் புது மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். வலையை நன்றாகக் காயவிட்டால் கூடு பிழைக்காது. அப்புறம், புதுச் செடியை மீன் இல்லாத வாளியில், அறை வெப்பத்தில் இரண்டு வாரம் போட்டுவைத்தால் குஞ்சுகள் வெளிவந்து, பிடிக்க மீனின்றி அங்கேயே செத்துவிடும்.