52 வயதில் விஆர்எஸ் வாங்கி ஒரு வருஷம்: கம்பெனி பார்த்துக்கொண்டதை எல்லாம் இப்போது யார் பார்ப்பது?

வணக்கம். விஆர்எஸ், அதாவது விருப்ப ஓய்வு, வாங்கி ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஒரகடம் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்தேன், வயசு 52, வீடு தாம்பரத்தில். பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "காசு போதுதா?" முதல் வருஷத்தில் அதற்குப் பதில் கிடைக்காது, கிடைத்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஆனால் சம்பளத்தைத் தவிர கம்பெனி நமக்காகச் சத்தமில்லாமல் என்னென்ன பார்த்துக்கொண்டிருந்தது என்பது மட்டும் இந்த ஒரு வருஷத்தில் நன்றாகத் தெரிந்துவிடும்.

(திரையில்: மின்கட்டண ரசீது, 500 என்ற எண்ணைச் சுற்றி வட்டம்)

சின்னதில் இருந்து ஆரம்பிப்போம். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் வரை ஏசி, டீ, மதியச் சாப்பாடு எல்லாம் அவர்கள் கணக்கு. இப்போது சித்திரை வெயிலில் பகல் முழுக்க நான் வீட்டில், ஏசியும் என்னோடு. தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் 2 மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு கோடு. தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்குத்தானே கூடுதல் விலை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, 101-லிருந்து 200 வரைக்கும் இருக்கிற சலுகையும் சேர்ந்து போய்விடும். அதனால் 490-ல் நிற்கிறவருக்கும் 510-ல் நிற்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 20 யூனிட் காசு கிடையாது. ரீடிங் எடுக்க ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே நான் மீட்டரை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

மின்சாரம் கூடப் பரவாயில்லை. அடுப்படியில் மனைவிக்கு வேறு கணக்கு ஓடுகிறது. "ஏங்க, நாளைக்கு நாலு தடவ காபி கேட்டா நான் எப்ப உக்கார்றது?" இருபத்தைந்து வருஷமாக அந்த வீட்டின் பகல் நேரம் அவளுடையது, நான்தான் புதிதாகக் குடி வந்தவன். மதிய காபி இப்போது என் பொறுப்பு, டிகாஷன் இறக்குவதும் சேர்த்துத்தான்.

அடுத்தது பெரிய விஷயம், மருத்துவக் காப்பீடு. கம்பெனி எடுத்துக்கொடுக்கும் குரூப் பாலிசியில் வழக்கமாக முதல் நாளிலிருந்தே எல்லா நோய்க்கும் கவர் உண்டு, அம்மாவையும் சேர்த்திருந்தேன், சுகர் இருக்கிறதா பிரஷர் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலையின் கடைசி நாளோடு அது முடிந்தது. வெளியே தனி பாலிசி புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். முன்பு 4 வருஷமாக இருந்ததை 2024-ல் 3 ஆகக் குறைத்தார்கள். நிறையப் பேருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு: குரூப் பாலிசியில் இருக்கும்போதே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம், அதுவரை கவரில் இருந்த வருஷங்களைக் காத்திருப்புக் காலத்தில் கழித்துக்கொள்வார்கள். இதை ராஜினாமாக் கடிதம் கொடுத்த கையோடு கேட்க வேண்டும், ரிலீவ் ஆன பிறகு கேட்டுப் பயனில்லை. ஹெச்ஆரில் இதைத் தானாக வந்து சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். ஒரே ஆறுதல், 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, அதற்கு முன்னால் 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம்.

(திரையில்: பிஎஃப் பாஸ்புக்)

பிஎஃப் பணத்தை வேலையை விட்டவுடன் எடுத்தே ஆகவேண்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கட்டாயம் இல்லை. என்னைப் போல 55-க்கு முன்னால் வெளியே வந்தவர்களுக்கு 58 வயது வரை வட்டி சேரும். 2024-25-க்குக் கொடுத்தது 8.25 சதவீதம், பெரிய வங்கிகளின் டெபாசிட்டில் அது கிடைக்கவில்லை. ஆனால் வேலையில் இருந்தவரை வரியில்லாமல் வந்த வட்டிக்கு, விட்ட பிறகு வரி உண்டு. அதைப் பாஸ்புக் சொல்லாது, நாம்தான் வருமான வரி ரிட்டர்னில் காட்ட வேண்டும்.

அதே பிஎஃப் அலுவலகம் தரும் பென்ஷன் இருக்கிறதே, அதை நம்பி யாரும் எதையும் திட்டமிட வேண்டாம். நான் வேலை பார்த்த காலத்தில் பென்ஷன் கணக்குக்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அதை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். லட்ச ரூபாய் சம்பளம் வாங்கியவருக்கும் மாதம் சில ஆயிரம்தான் வரும். 58 வரை காத்திருக்காமல் 50-லிருந்தே வாங்கலாம், ஆனால் முந்தி வாங்குகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் வெட்டு விழும். நான் தொடவில்லை.

விஆர்எஸ் தொகையில் விதிகளுக்கு உட்பட்டு 5 லட்சம் வரை வரி கிடையாது, அதுவும் வாழ்நாளில் ஒரே தடவை. தபால் அலுவலக மூத்த குடிமக்கள் திட்டத்தில் போடலாம் என்று போனால், விஆர்எஸ் ஆட்களுக்குச் சலுகை கொடுத்தும் 55 ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். சரி என்று மாத வருமானத் திட்டத்தில் மனைவியோடு கூட்டுக் கணக்கு, உச்சவரம்பு 15 லட்சம், 7.4 சதவீதத்தில் மாதம் 9,250 ரூபாய் வருகிறது. சம்பளம் மாதிரி தேதி தவறாமல் ஏதோ ஒன்று வந்து விழுவதில் ஒரு தெம்பு இருக்கத்தான் செய்கிறது.

இப்போது "போதுதா" கேள்விக்கு வருகிறேன். வருஷச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் போதும், வருஷம் 4 சதவீதம் எடுத்துச் செலவு செய்யலாம் என்று இணையத்தில் எல்லோரும் சொல்வார்கள். இது வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல் போட்ட கணக்கு. அமெரிக்கச் சந்தை, அமெரிக்க விலைவாசி, 30 வருஷ ஓய்வு. என் 52-ஓடு 30-ஐக் கூட்டினால் 82. என் மாமியார் 84 வயதில் இன்னும் தானே கோலம் போடுகிறார். நம் ஊர் விலைவாசியும் அந்தக் கணக்கில் இல்லை.

அதைவிட முக்கியம், பங்குச் சந்தை எப்போது விழுகிறது என்பது. ஒருவரிடம் 1 கோடி இருக்கிறது, எல்லாம் பங்குகளில் போடும் ஈக்விட்டி ஃபண்டில், வருஷச் செலவு 6 லட்சம் என்று வையுங்கள். செலவுக்கு எடுத்தது போக மீதி 94 லட்சம். முதல் வருஷத்திலேயே சந்தை 30 சதவீதம் விழுந்தால் கையில் 65.8 லட்சம். அடுத்த வருஷமும் அதே 6 லட்சம் வேண்டும், ஆனால் இப்போது அது மீதியில் 9 சதவீதத்துக்கு மேல். அப்புறம் சந்தை ஏறினாலும் ஏறுவதற்குக் கையில் இருக்கும் தொகை குறைவாக இருக்கிறது. இதே சரிவு பதினைந்தாவது வருஷம் வந்தால் இவ்வளவு அடி கிடையாது. நடக்காத கதை இல்லை இது: 2020 ஜனவரியில் 12,000-க்கு மேல் இருந்த நிஃப்டி என்ற பங்குச் சந்தைக் குறியீடு மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்தது, அந்த ஜனவரியில் ஓய்வு பெற்று மொத்தத்தையும் பங்கில் போட்டவர் என்ன பாடுபட்டிருப்பார்! என் முதல் வருஷம் நல்லபடியாகப் போனது, அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. சில வருஷச் செலவுக்கானதைச் சந்தையில் வைக்காமல் தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன், விழுகிற வருஷம் எப்போது வந்தாலும் பங்கை விற்று அரிசி வாங்க வேண்டி வராது.

காசு போகட்டும், சொந்தக்காரர்கள். "மாமா, நீங்க சும்மாதானே இருக்கீங்க?" என்று தொடங்கும் போனுக்கு முடிவு எப்போதும் ஏர்போர்ட்டிலோ தாலுகா ஆபீஸிலோதான். கம்பெனி அடையாள அட்டை இருந்தவரை லீவு இல்லை என்ற ஒரு வார்த்தையில் தப்பித்தேன்.

அந்த அட்டை எங்கே உண்மையிலேயே வேலை செய்தது என்பது பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது தெரிந்தது. "பொண்ணோட அப்பா என்ன பண்றார்?" "ரிட்டயர்ட்." "இந்த வயசுலயா? கம்பெனியில ஏதாவது பிரச்சினையா?" கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்க நாகரிகம் இடம் தராது, அதனால் இப்படிக் கேட்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இதற்கிடையில் அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன யூனிட் வைத்திருக்கும் பழைய நண்பர், ஆடிட் வேலைக்கு வாரம் ஒரு நாள் வந்து போகச் சொன்னார். புதன்கிழமைகளில் போகிறேன், அந்தக் காசு நேராக இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு. பெண்ணின் பயோடேட்டாவில் "தந்தை: விருப்ப ஓய்வு" என்று எழுதி வைத்திருந்தேன். மனைவி பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு "கன்சல்டண்ட்" என்று எழுதித் தரகருக்கு அனுப்பிவிட்டாள்.